தொட்டிலை அவிழ்க்கும் நேரம்

சனிக்கிழமை விடியற்காலையில் மலேசியாவின் கேமரன் மலையில், கியா பார்ம் சந்தைக்காக வெகு சீக்கிரம் விளக்கு எரியத் தொடங்கிவிடும். ஸ்ட்ராபெரிப் பெட்டிகளை அடுக்க வேண்டும், சர்க்கரைவள்ளிக்கிழங்கைக் கழுவ வேண்டும், சோளத்தை அவிக்க வேண்டும். கீழேயிருந்து சுற்றுலாப் பேருந்துகள் ஏறி வருவதற்குள் கடை தயாராகிவிட வேண்டும். பக்கத்துச் சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தில் பனி விலகுமுன்பே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்புக்கு, ஆள் நிற்கும். காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர் வீட்டிலோ, அப்பா முந்தின இரவே லோரியோடு கோலாலம்பூருக்கு இறங்கியிருப்பார்.

இப்படி அம்மா அடுப்படியிலும் அப்பா வெளியிலும் பாட்டி குளியலறையிலும் இருக்கிற வேளையில், படுக்கையறையில் ஒரு பிள்ளை விழித்துக்கொள்கிறது. வயது இரண்டரை. போன மாதம் வரை அது தொட்டிலுக்குள் கிடந்து அழும். அழுகைச் சத்தம் கேட்டு யாராவது ஓடி வருவார்கள். இப்போது அது அழுவதில்லை. எழுந்து, இறங்கி, நடக்கிறது. இரவு எரியும் சிறு விளக்கின் வெளிச்சத்தில் அலமாரியின் இழுப்பறையைத் திறக்கிறது.

பிள்ளை நடக்கத் தொடங்கிய நாளைப் படம் பிடித்து வைக்கிறோம். யாரும் பார்க்காத அறையில் அது முதன்முதலாகத் தனியாக நடமாடிய நாள் எது என்று பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியாது. ஆபத்து அந்த நாளில்தான் தொடங்குகிறது. அதனால் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து படுக்கைக்கு மாற்றுவது என்றால் புதுக் கட்டில் வாங்குவது மட்டுமே என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவர்கள் பார்க்காத பத்து நிமிடமும் அந்த அறையே பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி ஆக்கி வைப்பதுதான் உண்மையான வேலை.

எப்போது மாற்றுவது? அவசரமே வேண்டாம். கம்பி அடைத்த மரத் தொட்டிலில் படுக்கும் பிள்ளை அதற்குள் நிம்மதியாக உறங்குகிறது என்றால் மூன்று வயது வரைகூட விட்டுவைக்கலாம். ஆனால் உயரம் ஏறத்தாழ 89 சென்டிமீட்டரைத் தொட்டுவிட்டாலோ, நிற்கும்போது தொட்டிலின் விளிம்பு மார்புக்குக் கீழே வந்துவிட்டாலோ, ஒரு காலைத் தூக்கி வெளியே போட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டாலோ, அதற்கு மேல் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். தலைகுப்புற விழுவது அந்த உயரத்திலிருந்துதான். அடுத்த குழந்தை பிறக்கப்போகிறது என்பதற்காகப் பெரியதைத் தொட்டிலிலிருந்து இறக்குகிறவர்கள், பிரசவத்துக்கு ஓரிரு மாதம் முன்பே இறக்கிவிடுவது நல்லது. தம்பி வந்த அன்றே தன் இடம் பறிபோனதாகப் பிள்ளைக்குத் தோன்ற வேண்டியதில்லை.

நம் வீடுகளில் கம்பி அடைத்த தொட்டிலைவிடச் சேலைத் தொட்டில்தான் அதிகம். மலேசியாவில் அது ஸ்பிரிங் தொட்டிலாக மாறி வெகு காலம் ஆகிறது. உத்திரத்திலோ இரும்புச் சட்டத்திலோ ஸ்பிரிங்கை மாட்டி, அதில் சாரோங்கையோ பழைய சேலையையோ கட்டுகிறார்கள். மலாய்க்காரர் வீட்டில் அதுவே ‘புவாயான்’. கேமரன் மலைக் குளிரில் துணி உடம்பை ஒட்டிச் சூடாக வைத்திருப்பதால் இங்கே அதை விட்டுக்கொடுக்க யாருக்கும் மனம் வராது. பகலில் பக்கத்திலிருந்து ஆட்டிவிடும் பாட்டியின் கைக்கும் அதைவிட வசதியான ஒன்றில்லை.

ஆனால் தானாக எழுந்து உட்காரும் பிள்ளைக்கு அந்தத் துணி பொருந்தாது. எழ முயலும்போது துணி ஒரு பக்கமாகச் சரிந்து பிள்ளை விழும், அல்லது முறுக்கிக்கொண்டு கழுத்தில் மாட்டும். எடை ஏற ஏற ஸ்பிரிங்கின் கொக்கியும் தேய்கிறது. இவை பலருக்கும் தெரிந்ததுதான். பலர் கவனிக்காதது, பிள்ளை இறங்கிய பிறகும் தொங்கிக்கொண்டிருக்கும் காலித் தொட்டில். “அடுத்ததுக்கு வேணும்” என்று அவிழ்க்காமல் விட்டுவிடுகிறார்கள். அதுவே பிள்ளைகளுக்கு ஊஞ்சலாகிவிடுகிறது. ஏழெட்டு வயது அக்காள் அதில் உட்கார்ந்து சுற்றுகிறாள். துணி கயிறு போல முறுக்கிக்கொண்டே போகிறது. தூளியில் விளையாடிய சிறுவனின், சிறுமியின் கழுத்து இறுகி உயிர் போன செய்தி தமிழ்நாட்டு நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது. ஒவ்வொரு முறையும் படித்துவிட்டு ‘ஐயோ’ என்று பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே ஒரு காரியம்தான் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்: பிள்ளை படுக்கைக்கு மாறிய அன்றே துணியை அவிழ்த்து, துவைத்து, மடித்துப் பெட்டியில் வையுங்கள். ஸ்பிரிங்கையும் கொக்கியையும் கழற்றிவிடுங்கள்.

சரி, எங்கே படுக்க வைப்பது? முதல் படுக்கைக்குத் தரையைவிட நல்ல இடம் கிடையாது என்பது என் முடிவு. மெல்லிய, கெட்டியான மெத்தையைத் தரையில் போட்டால் உருண்டு விழுந்தாலும் கையளவு உயரம்தான். கேமரன் மலையில் மட்டும் ஒரு சிக்கல்: கியா பார்ம் கடல் மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேலே இருக்கிறது, சிமெண்டுத் தரை இரவில் சில்லிட்டுப் போகும், மெத்தையின் அடிப்பக்கம் ஈரம் கோத்துப் பூஞ்சணம் பிடிக்கும். கீழே மரச் சட்டமோ தடித்த ரப்பர் விரிப்போ போட்டு, காலையில் மெத்தையை எடுத்துச் சுவரில் சாய்த்துக் காற்றாட விட வேண்டும்.

கட்டில்தான் என்றால் உயரம் குறைந்த கட்டில். பக்கத் தடுப்பு வாங்கி மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கழற்றி மாட்டும் தடுப்புகள் இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு உரியவை அல்ல. மெத்தைக்கும் தடுப்புக்கும் இடையிலுள்ள சந்தில் சின்ன உடம்பு நழுவி மாட்டிக்கொள்ளும். சுவரோரம் தள்ளிப் போட்ட கட்டிலிலும் இதே சந்து உண்டு. நாளடைவில் கட்டில் சற்றே நகர்ந்து, ஒரு கை அகலத்துக்கு இடைவெளி விழும். முகம் அதற்குள் போனால் மூச்சுக்கு வழியிருக்காது. ஒன்று, கட்டிலைச் சுவரோடு ஒட்டி நகராதபடி ஆக்க வேண்டும். அல்லது ஓரடிக்கு மேல் நன்றாக விலக்கிவிட வேண்டும். டபுள் டெக்கர் கட்டிலின் மேல் தட்டில் ஆறு வயதுக்குக் கீழே யாரையும் ஏற்றக் கூடாது. ‘அண்ணன் பிடித்துக்கொள்வான்’ என்ற சமாதானமும் உதவாது, அண்ணனும் தூங்கிவிடுவான்.

பிள்ளைக்குத் தனி அறை வேண்டும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம். வெளிநாட்டுக் கையேடுகள் பிள்ளைக்கென்று ஓர் அறை, அதில் பிள்ளையின் சாமான்கள் மட்டும் என்று வைத்துக்கொண்டு பேசுகின்றன. நம் லயன் வீட்டிலும் பலகை வீட்டிலும் அடுக்குமாடி வாடகை வீட்டிலும் படுக்கையறை என்றால் நான்கு பேர் படுக்கும் இடம். அங்கேதான் துணி அலமாரி, தையல் இயந்திரம், பழைய தொலைக்காட்சி, சாமி படம், மருந்துப் பை எல்லாம். அதனால் நமக்கு வேலை கொஞ்சம் அதிகம், செலவு அதிகமில்லை. பாதி வேலை வாங்குவதில் இல்லை, அப்புறப்படுத்துவதில் இருக்கிறது.

கியா பார்முக்கு மேலே அப்படி ஒரு பலகை வீட்டில், இரண்டரை வயது மகனை வைத்திருக்கும் இளம் தாயோடு சேர்ந்து நானும் அறையை முழங்காலில் தவழ்ந்து பார்த்தேன். பிள்ளையின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து. கொஞ்ச நேரத்தில் அவரே நிமிர்ந்து உட்கார்ந்து, “அக்கா, இங்கேருந்து பார்த்தா அந்த டிராயர் எல்லாம் ஏணி மாதிரி இருக்கு” என்றார்.

ஏணியேதான். கீழ் இழுப்பறையை இழுத்து, அதில் கால் வைத்து, அடுத்ததைப் பிடித்து ஏறுவான். இரண்டு மூன்று இழுப்பறைகள் சேர்ந்து வெளியே நீண்டால் எடை முன்னால் சாய்ந்து அலமாரி அப்படியே கவிழும். 2016 ஜூனில் ஐக்கியா நிறுவனம் அமெரிக்காவில் மட்டும் 2 கோடியே 90 லட்சம் இழுப்பறை அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது, குழந்தைகள் மேல் அவை கவிழ்ந்து உயிர்கள் போன பிறகுதான். அந்தக் குழந்தைகளின் பெற்றோர் விடாமல் போராடினார்கள். 2022 டிசம்பரில் அந்நாட்டில் தனிச் சட்டமே வந்தது. இப்போது அங்கே விற்கும் துணி அலமாரி, இழுப்பறைகள் நிறைந்து திறந்திருக்கும்போது 27 கிலோ எடையுள்ள பிள்ளை ஏறினாலும் கவிழாமல் நிற்க வேண்டும். நம் அறையில் நிற்பது எந்தச் சட்டத்துக்கும் முந்தியதாகவோ, இலேசான பலகையில் செய்ததாகவோ இருக்கலாம். அதைச் சுவரோடு பிணைக்க எல் வடிவ இரும்புப் பட்டை இரண்டு, திருகாணி நாலு போதும். பலகை வீட்டில் வெறும் பலகையில் திருகினால் பிடிக்காது. பலகைக்குப் பின்னால் நிற்கும் குறுக்குச் சட்டத்தைத் தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்து அதில் திருக வேண்டும். கனமான சாமான் கீழ் இழுப்பறைக்கு. தொலைக்காட்சியை அலமாரியின் தலையிலிருந்து இறக்கிவிட வேண்டும். பிள்ளைக்குப் பிடித்த பொம்மையை உச்சியில் ஒளித்து வைக்கவே கூடாது, அதற்காகத்தான் அது ஏறும்.

அந்த வீட்டு ஜன்னல் நாக்கோ கண்ணாடி. மலேசியப் பழைய வீடுகளில் எங்கும் பார்க்கலாம்: கிடைமட்டமாக வரிசையாய்ச் செருகிய கண்ணாடிப் பட்டைகள், பக்கத்தில் ஒரு நெம்புகோல். அதன் அலுமினியப் பிடி தளர்ந்திருந்தால் பிள்ளையே ஒரு பட்டையை உருவி எடுத்துவிடும். அந்த வீட்டில் கீழிரண்டு பட்டைகள் ஆடின. கட்டிலும் அதற்கு நேர் கீழே. கட்டிலை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். பிடிகளைக் குறடால் இறுக்கினோம். இரும்புக் கம்பி இருக்கும் ஜன்னலில் கம்பிகளுக்கு இடையே பத்து சென்டிமீட்டருக்கு மேல் விடக் கூடாது. தள்ளித் திறக்கும் ஜன்னலும் அந்த அளவுக்கு மேல் திறக்காதபடி தடுப்பு வேண்டும். திரைச்சீலையை இழுக்கும் கயிறு வளையமாகத் தொங்கினால் வெட்டிவிடுங்கள். கைபேசி சார்ஜர் கம்பியும் படுக்கைக்கு எட்டக் கூடாது. பிள்ளையின் கழுத்தில் தாயத்தோ கருப்புக் கயிறோ இருந்தால் உறங்கும்போது கழற்றிவிட வேண்டும் என்று சொன்னேன். தாய் தயங்கினார். இடுப்பில் கட்டலாமே என்று பாட்டிதான் வழி சொன்னார்.

அதே பாட்டிக்கு அடுத்த விஷயம் பிடிக்கவில்லை. சாமி படத்தின் கீழே, தாழ்ந்த பலகையில் கற்பூரப் பாக்கெட். “சாமிக்கு முன்னாலதானம்மா வைக்கணும். வேற எங்கே வைக்கிறது?” கற்பூரம் வெள்ளையாக, மிட்டாய் அளவில், வாசனையாக இருக்கிறது. சிறு பிள்ளை ஒன்றிரண்டு வில்லையை விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வந்துவிடலாம். துணிகளுக்கு இடையே போடும் பாச்சை உருண்டை இன்னொன்று. நாப்தலினால் செய்தது என்றால், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடுள்ள பிள்ளைக்கு இரத்த அணுக்களைச் சிதைத்துவிடும். மலேசியாவில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் இந்தக் குறைபாட்டைப் பரிசோதிக்கிறார்கள். முடிவு பிள்ளையின் மருத்துவப் புத்தகத்தில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். சளிக்குத் தடவும் கோடாலித் தைலம், யூகலிப்டஸ் தைலம் எல்லாம் இதே கணக்கு: தலையணைக்கு அடியில் வைக்கவே கூடாது. பாட்டி கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இறுக மூடும் காலி மைலோ டின் ஒன்றைக் கொண்டு வந்தார். கற்பூரம், ஊதுபத்தி, தீப்பெட்டி மூன்றும் அதற்குள் போயின; டின் சாமி படத்துக்கு மேல் தட்டுக்கு ஏறியது.

பித்தான் பேட்டரியை அவர்கள் கவனித்திருக்கவில்லை. தீபாவளிக்குத் தொங்கவிட்ட சின்ன மின்விளக்கு, காரின் ரிமோட், பாடும் பொம்மை, எல்லாவற்றிலும் அந்தத் தட்டையான காசு வடிவப் பேட்டரி உண்டு. தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். பேட்டரி மூடியில் திருகாணி இல்லாத பொருள் எதுவும் அந்த அறையில் வேண்டாம்.

ஒரு செலவைக் குறைத்தும் கொடுக்கிறேன். சுவரிலுள்ள மூன்று துளைச் சாக்கெட்டுக்குப் பிளாஸ்டிக் மூடி வாங்காதீர்கள். மலேசியாவின் சதுர மூன்று முள் சாக்கெட்டில் உள்ளேயே தடுப்பு இருக்கிறது. மேல் துளையில் முள் நுழைந்தால்தான் கீழ்த் துளைகள் திறக்கும். அளவு சரியில்லாத மூடியைச் செருகுவதே அந்தத் தடுப்பைக் கெடுத்துவிடும். கவலைப்பட வேண்டியது எல்லா வகைப் பிளக்கும் நுழைகிற மலிவான நீட்டிப்புப் பெட்டியைப் பற்றி. அதை அறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். மின்பெட்டியில், மின்கசிவின்போது மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபியின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்படவில்லை என்றால் அன்றே மின்பணியாளரைக் கூப்பிட வேண்டும்.

கியா பார்முக்கே உரிய பிரச்சினை குளிர். இரவில் 15 டிகிரிக்கு இறங்கும். மழை நாளில் அதற்கும் கீழே. கனமான கம்பளியைப் பிள்ளை எப்படியும் உதைத்துத் தள்ளிவிடும். கைகால் மூடிய உடை இரண்டு அடுக்கு, காலுறை, கையில்லாத உறக்கப் பை ஆகியவை கம்பளியைவிட நம்பகமானவை. பிடரியில் கை வைத்துப் பாருங்கள். வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் கழற்றலாம். மின் ஹீட்டர் படுக்கைத் துணியிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, சுவர்ச் சாக்கெட்டில் நேராகச் செருகி இருக்க வேண்டும், உறங்கப்போகும்போது அணைத்துவிட வேண்டும். அடுப்புக்கரி கனன்று கொண்டிருக்கும் சட்டியை மூடிய அறைக்குள் கொண்டுபோகவே கூடாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அப்படிக் குளிர் காய்ந்து உறங்கியவர்கள் விடிந்து எழவில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பால் கலக்கப் படுக்கையருகே வைக்கும் வெந்நீர்ப் பிளாஸ்க்கும் எட்டாத உயரத்துக்குப் போக வேண்டும்.

தோட்டம் வைத்திருக்கும் வீடுகளில் இன்னொன்று. முட்டைகோசுக்கும் தக்காளிக்கும் அடிக்கும் மருந்தைத் திருட்டுக்குப் பயந்து வீட்டுக்குள், சில சமயம் கட்டிலுக்கு அடியிலேயே வைக்கிறார்கள். மிச்சத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வைப்பதும் நடக்கிறது. 2020 ஜனவரி முதல் மலேசியாவில் பாராகுவாட் தடை செய்யப்பட்டுவிட்டது. 2023 மே முதல் குளோர்பைரிபாஸும் கார்போபியூரானும். தடைக்கு முன்பு வாங்கிய பழைய டின் எந்த மூலையிலாவது கிடக்கிறதா என்று இன்றே தேடிப் பாருங்கள். மருந்தை வீட்டுக்கு வெளியே பூட்டிய பெட்டியில், வாங்கிய புட்டியிலேயே, சீட்டு கிழியாமல் வைக்க வேண்டும். கூடுதல் வேலைதான். ஆனாலும் இதில் நான் சலுகை எதுவும் சொல்லமாட்டேன்.

கதவு. பிள்ளை இரவில் எழுந்து போய்விடுமே என்று வெளியே தாழ் போட்டு வைப்பவர்கள் உண்டு. பலகை வீட்டில் தீப்பிடித்தால் அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கப் புகைக்குள் யார் போவது? தாழுக்குப் பதில் நிலைக்கட்டையில் இடுப்புயரத் தடுப்புக் கதவு பொருத்தலாம். அல்லது திறந்தால் ஒலிக்கும் சின்ன மணியைக் கதவில் கட்டலாம், நம் வீட்டில் பழைய கொலுசு கிடக்காதா? பேட்டரியில் ஓடும் புகை எச்சரிப்புக் கருவி ஒன்று கூரையில் இருக்கட்டும். இரும்புக் கிரில் கதவுச் சாவி எப்போதும் ஒரே ஆணியில், பெரியவர்கள் எல்லோரும் இருட்டிலும் தொட்டு எடுக்கும் இடத்தில் தொங்க வேண்டும். குளியலறைக் கதவு உயரத்தில் கொக்கி போட்டு மூடியிருக்க வேண்டும், வாளியைக் கவிழ்த்து வைக்க வேண்டும். சில அங்குலத் தண்ணீர் போதும், தலை கனமான சிறு பிள்ளை குனிந்தால் நிமிர முடியாது.

இவ்வளவையும் தாயின் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது நியாயமில்லை. 1929இல் ரஸ்ஸல் என்பவர் இங்கே ‘போ’ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலத்தில் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. அம்மா கொழுந்து எடுக்கப் போனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் இருந்தார். 1990ஆம் ஆண்டின் சட்டம் 446 முதலாளி தரவேண்டிய குடியிருப்பைப் பற்றி மட்டும் பேசவில்லை, பிள்ளைக் காப்பகத்தையும் சேர்த்தே பேசுகிறது. தமிழர் பலர் தேயிலையை விட்டுக் காய்கறிக்கும் பூவுக்கும் கடைக்கும் வந்தபோது அந்த ஆயா உடன் வரவில்லை. வாடகை வீட்டில் சுவரில் திருகாணி போடவே வீட்டுக்காரரின் அனுமதி தேவைப்படுகிறது. நியூயார்க் நகரம் 1972இல் ஜன்னலிலிருந்து விழும் குழந்தைகளுக்காக ஓர் இயக்கம் தொடங்கி, 1976இல் பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் அடுக்குமாடி வீட்டில் ஜன்னல் தடுப்பை வீட்டு உரிமையாளரே பொருத்த வேண்டும் என்று சட்டமாக்கியது. ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. கேமரன் மலை வாடகைதாரர்களும் வீட்டுக்காரரிடம் இதைத் துணிந்து கேட்க வேண்டும். கேட்கும்போது பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்க் கேளுங்கள்.

முதல் சில வாரம் பிள்ளை ஐந்தாறு தடவை எழுந்து வரும். கோபப்படாமல், கதை தொடங்காமல், கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் படுக்க வைத்தால் மெல்ல அடங்கும். மூன்று வயதுப் பிள்ளைக்குப் பகல் உறக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் உறக்கம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சந்தைக் கடை வைத்திருப்பவர்கள் பிள்ளையையும் பதினொரு மணி வரை விழிக்க வைத்தால் இந்தக் கணக்கு ஒருநாளும் நேராகாது.

கடைசியாக, சாலை. அரசு மருத்துவமனை தானா ராத்தாவில், பிரிஞ்சாங்கைக் கடந்து போக வேண்டும். சாதாரண நாளில் சிறிது தூரம்தான். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் கியா பார்ம் சந்தை முன்னால் வாகனங்கள் நகராமல் நிற்பதை இங்கு வந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஆம்புலன்சுக்கும் அதே சாலைதான். அதனால் 999 எண்ணையும், பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய நச்சு மையத்தின் 1800-88-8099 எண்ணையும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் பெரிய எழுத்தில் ஒட்டி வையுங்கள். வெந்நீர் பட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும்; பற்பசையும் சோயா சாஸும் தடவக் கூடாது. எதையாவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, உப்புத் தண்ணீர் கொடுக்கக் கூடாது. பிள்ளையைத் தூக்கும்போதே பக்கத்தில் கிடக்கும் புட்டியையும் பாக்கெட்டையும் மிச்ச மாத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்புங்கள். என்ன, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான் மருத்துவர் முதலில் கேட்பார்.